நடந்து கற்ற பேரறிஞர் தர்மானந்த கோசம்பி

கல்விக் கழகம் ஒன்றின் வெள்ளிவிழா மலரில் பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவரின் வரலாற்றைச் சேர்ப்பது முறையாகுமா என்று சிலர் வினவலாம். அவர் பிறப்பால் பார்ப்பனர் என்பதை அறிந்தால் அவ்வினா இன்னும் கூர்மை பெறும். ஆயினும் ஆசான் ஒருவரைத் தேடி நாடு நாடாக நடந்து, உணவின்றியும் மொழி தெரியாமலும் இடர்ப்பட்டு, தேடிப் பெற்ற கல்வியைப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பின் நடுவே கொண்டுவந்து வைத்த ஒருவரை நம் இளைஞர் அறியாதிருத்தல் தகாது. அவர்தாம் தர்மானந்த கோசம்பி. வரலாற்றறிஞர் தா. த. கோசம்பியின் பெயரை அறிந்தவர் பலர். அவருடைய தந்தையாரே இக்கட்டுரைக்கு உரியவர்.

கோவாவில், அந்நாளில் போர்த்துகீசியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த சங்க்வால் என்னும் சிற்றூரில் 1876 அக்டோபர் 9ஆம் நாள் அவர் பிறந்தார். தென்னந்தோப்பை நம்பி வாழ்ந்த குடும்பம். இளமையில் உடல்நலம் குன்றியிருந்தது. ஊரில் முறையான மராத்திப் பள்ளியும் இல்லை. எனவே ஒழுங்கான படிப்பு வாய்க்கவில்லை. கைக்குக் கிடைத்த மராத்தி நூல்களைத் தாமே படித்து அறிவை வளர்த்துக்கொண்டார். பதினைந்து வயதை எட்டும் முன்னரோ எட்டிய அளவிலோ திருமணமும் முடிந்துவிட்டது. மனைவியார் பெயர் பாலாபாய். தோப்பைக் காத்துக்கொண்டு அவ்வூரிலேயே முடிந்துபோயிருக்க வேண்டிய வாழ்வு அது.

1897ஆம் ஆண்டளவில் சிறுவர்க்கான மராத்தி இதழொன்றில் புத்தர் பெருமானைப் பற்றிய கட்டுரை ஒன்று அவர் கண்ணிற்பட்டது. அது பெரிய ஆராய்ச்சியன்று. குழந்தைகளுக்கு எழுதிய எளிய வரலாறுதான். அதைப் படித்த இளைஞரின் உள்ளத்தில் புத்தரின் அறத்தை முழுவதும் அறிய வேண்டும் என்னும் வேட்கை மூண்டு, பின்னர் அணையவே இல்லை. அறிவு எந்த வாயிலாக வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. நம் கழகத்தின் படிப்பகங்களில் சிறுவர் இதழ்களை வீண் செலவெனக் கருதுவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

முதல் மகள் மாணிக் பிறந்த 1899ஆம் ஆண்டிலேயே அவர் வீட்டை விட்டு வெளியேறினார். இளம் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுச் சென்ற இச்செயலை நாம் போற்றவேண்டியதில்லை. புத்தரைத் தேடிச் சென்றவர் என்பதால் அவ்வம்மையார் பட்ட துன்பம் குறைந்துவிடாது. அவரும் தம் தன்வரலாற்றில் தம் குறைகளை மறைத்தவரல்லர்.

முதலில் புனே சென்றார், பேராசிரியர் ரா. கோ. பண்டார்கரின் ஆதரவைப் பெற்றார். அங்கிருந்து குவாலியர் வழியாகக் காசியை அடைந்து வடமொழி கற்கலானார். காசியில் ஏழை மாணவர்க்கு அன்னசத்திரங்கள் சோறிட்டன. அவற்றின் வாயில் பார்ப்பன மாணவர்க்கே திறந்திருந்தது. கையில் காசில்லாத கோசம்பி அச்சோற்றை உண்டே படித்தார். அதே காசியில், அதே ஆண்டில், அதே வேட்கையோடு நம் குலத்துப் பிள்ளை ஒருவன் போய் நின்றிருந்தால் சத்திரத்தின் வாயிலும் அவனுக்கு அடைத்திருக்கும். வடமொழிப் பாடசாலையின் வாயிலும் அடைத்திருக்கும். வறுமை இருவர்க்கும் பொதுவாக இருந்தாலும் வறுமையைக் கடக்கும் படிக்கட்டு பொதுவாக இருக்கவில்லை. கோசம்பியின் முயற்சியின் பெருமையை இது குறைக்காது. ஆயினும் உண்மையைச் சொல்லாமல் விடுவது வரலாறாகாது.

வடமொழி கற்றும் புத்தர் கிடைக்கவில்லை. புத்தர் பிறந்த நாட்டிலேனும் அவர் அறம் உயிரோடு இருக்கும் என்றெண்ணி 1902இல் நேபாளம் சென்றார். கல்லும் மலையுமான வழியை நடந்தே கடக்க வேண்டியிருந்தது. காத்மாண்டுவில் அவர் கண்டது பெரும் ஏமாற்றம். பௌத்தம் பெயரளவில் இருந்ததேயன்றி, அதைக் கற்பிப்பார் எவரையும் அவர் காணவில்லை. மனம் சோர்ந்து புத்தகயைக்கு வந்தார்.

புத்தகயைக் கோயில் அந்நாளில் சைவ மகந்து ஒருவரின் பிடியில் இருந்தது. கோயிலின் வடபுறத்தில் தாமரை வடிவக் கற்கள் வரிசையாக அமைந்திருக்கும். ஞானம் பெற்ற பெருமான் அதன்பின் வந்த வாரங்களுள் ஒன்றில் முன்னும் பின்னுமாக நடந்து தியானித்த இடம் அது என்பது மரபு. இரத்தின நடைவழி என்று அதைப் போற்றுவர். இலங்கைக்குச் சென்றால் பாலி மொழியையும் திரிபிடகத்தையும் கற்கலாம் என்ற வழிகாட்டல் புத்தகயையிலேதான் அவருக்குக் கிடைத்தது. கல்கத்தாவில் மகாபோதி சபையாரின் உதவி பெற்று, அதே 1902இல் கொழும்பை அடைந்தார்.

கொழும்பில் வித்யோதய பிரிவேணாவின் தலைவர் இக்கடுவை சுமங்கல தேரர். நம் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் ஆல்காட் துரையோடு இலங்கை சென்று பஞ்சசீலம் பெற்றதும் இப்பெரியாரிடமே. பண்டிதர் சென்ற நான்காம் ஆண்டில் கோவா இளைஞர் அதே ஆசானின் காலடியில் அமர்ந்தார். தலைமுடி களைந்து காவி உடுத்துச் சாமணேரர் ஆனார். சிங்கள எழுத்தையும் அதன் வழியாகப் பாலியையும் கற்றார்.

அந்த விகாரை வாழ்வைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பது நம் மாணவர்க்குப் பயன்படும். விடியுமுன் எழுதல் வேண்டும். புத்தர், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளையும் சரணடையும் வாய்பாட்டை மும்முறை ஓதுவர். பின் ஐந்து சீலங்கள். துறவு பூண்டவர்க்குப் பத்து. அதன்பின் மும்மணிகளின் குணங்களைப் போற்றும் வந்தனை. மாலையில் மங்கல சூத்திரமும், இரத்தின சூத்திரமும், எல்லா உயிர்க்கும் அன்பைப் பரப்பும் மெத்த சூத்திரமும் ஒருமித்த குரலில் ஒலிக்கும். நண்பகலுக்குப் பின் உணவில்லை. இந்த ஓதுதலில் எவரையும் வேண்டி வரம் கேட்கும் சொல் இல்லை. சீலம் ஒவ்வொன்றும் நான் இதனைச் செய்யாதிருக்கும் பயிற்சியை மேற்கொள்கிறேன் என்று ஓதுபவன் தனக்குத்தானே கூறிக்கொள்ளும் உறுதிமொழியாகும். பூசாரி ஓத மற்றவர் தொலைவில் நின்று கேட்கும் வழக்கமும் அங்கில்லை. எவர் வாயால் வேதம் ஒலிக்கலாகாது, எவர் காதில் விழலாகாது என்று விதித்த நாட்டில், எல்லார் வாயும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லை ஓதுவது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை நாம் உணர முடியும்.

இலங்கை உணவு அவர் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எனவே சென்னைக்கு வந்தார். இங்கே அவருக்குப் பேராசிரியர் லட்சுமி நரசுவின் நட்பும் சிங்காரவேலரின் நட்பும் வாய்த்தன. பின்னாளில் பொதுவுடைமை இயக்கத்தின் முன்னோடியான சிங்காரவேலர் அக்காலத்தில் பௌத்தத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தார். இராயப்பேட்டையில் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் இயங்கிய அதே ஆண்டுகள் அவை. சென்னையின் ஒரு சில தெருக்களுக்குள் இத்தனை பௌத்த முயற்சிகள் இருந்த காலத்தை நினைக்குந்தோறும் வியப்பாக இருக்கிறது. நரசு 1907இல் வெளியிட்ட பௌத்த நூலையே அம்பேத்கர் 1948இல் தம் முன்னுரையுடன் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

சென்னையிலிருந்து கோசம்பி பர்மாவுக்குக் கப்பலேறினார். பர்மியர் பௌத்தத்தில் நூற்கல்வியும் தியானப் பயிற்சியும் இணைந்து நடந்தன. பர்மிய எழுத்தில் இருந்த பாலி நூல்களை அங்கே ஒப்பிட்டுக் கற்றார். ஊருக்கு ஒதுங்கிய உறைவிடங்களில் தங்கித் தியானத்தையும் பயின்றார். அவர் வாழ்நாள் முழுதும் உடன் வந்த நூல் விசுத்திமக்கம். அதை இயற்றிய புத்தகோசர் ஐந்தாம் நூற்றாண்டினர். இலங்கை அநுராதபுரத்தில் இருந்து எழுதியவர் எனினும், அவர் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்ததை அவருடைய உரைநூல்களே குறிக்கின்றன. சீலம், சமாதி, பிரஞ்ஞை என்னும் மூன்று படிகளை 23 இயல்களில் விளக்கி, தியானத்துக்குரிய பொருள்கள் 40 என வகுப்பது அந்நூல்.

தியானம் என்றவுடன் கண்மூடி அமர்ந்த கோலமே நம் நினைவுக்கு வருகிறது. பௌத்தம் அப்படிச் சொல்லவில்லை. நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் ஆகிய நான்கு நிலைகளிலும் விழிப்பு வேண்டும் என்பது அதன் கொள்கை. பாலியில் சங்கமன எனப்படும் நடைத் தியானத்துக்கு விகாரைகளில் தனி வழியே அமைத்திருப்பர். மேடுபள்ளமின்றிச் சமன் செய்த நேரான வழி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, நின்று, திரும்பி, மீண்டும் நடக்க வேண்டும். சென்று சேரவேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை. அடியில் மட்டுமே கருத்து நிற்க வேண்டும். ஓர் அடி எடுத்து வைப்பதை விசுத்திமக்கம் ஆறு கூறாகப் பிரிக்கிறது. குதிகால் எழுதல், கால் முன்னே செல்லுதல், முள்ளோ கட்டையோ பாம்போ கண்டால் பக்கத்தே விலகுதல், கீழிறங்குதல், நிலத்திற் படுதல், மற்றக் காலை எடுப்பதற்காக அழுந்தி ஊன்றுதல் என்பன அவை. ஒவ்வொரு கூறும் தோன்றி அங்கேயே மறைகிறது. அடுத்ததற்குத் தொடர்ந்து செல்லும் பொருள் ஒன்றுமில்லை. நடப்பவன் என்று தனியே ஒருவன் இல்லை, நடை மட்டுமே உண்டு என்பதைக் காலாலேயே கற்றுக்கொள்ளும் கல்வி இது.

அந்நூல் இன்னொன்றும் சொல்கிறது. ஆசைமிக்கவன் அடியை மெல்ல ஒழுங்காக எடுத்து வைப்பான். சினமிக்கவன் கால்நுனியால் நிலத்தைக் கிளறுவான்போல் வெடுக்கென வைப்பான். மயக்கமுள்ளவன் தடுமாறித் தயங்கி வைப்பான். ஆசானாகப்பட்டவர் மாணவனின் நடையைக் கண்டே அவனுக்குரிய பயிற்சியைத் தேர்ந்து தர வேண்டும். குலத்தைக் கேட்டுப் பாடம் சொல்லும் மரபுக்கும் நடையைப் பார்த்துப் பாடம் சொல்லும் மரபுக்கும் உள்ள தொலைவை அளந்து காண்க. நடைத் தியானத்தின் பயன் ஐந்து என அங்குத்தர நிகாயம் கூறும். நெடுவழி செல்லும் வலிமை உண்டாகும், முயற்சியில் தளர்ச்சி வாராது, நோய் குறையும், உண்டது செரிக்கும், நடையில் பெற்ற மன ஒருமை நெடுநேரம் நிலைக்கும். இவற்றுள் பெரும்பகுதி உடலைப் பற்றியது. உடலை வெறுத்துப் பேசும் சமயம் இப்படிச் சொல்லாது.

பர்மாவிலிருந்து திரும்பிய கோசம்பி காவியுடையோடு வடநாட்டில் புத்தர் வாழ்ந்த இடங்களைச் சுற்றி வந்தார். குசிநகரம், சாரநாத் முதலிய இடங்கள் பலவும் அன்று பாழ்பட்டுக் கிடந்தன. 1906ஆம் ஆண்டில் அவர் உள்ளத்தில் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. கற்றதைத் தம் மக்களுக்குத் தராமல் தனித்திருந்து தியானிப்பதில் பயனென்ன என்ற கேள்வி அவரை விடவில்லை. காவியைக் களைந்து ஆசிரியர் ஆனார். கல்கத்தாவில் புதிதாகத் தொடங்கிய தேசியக் கல்லூரியிலும், பின் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் பாலி கற்பித்தார். பிரிந்த குடும்பமும் கூடியது. 1907 ஜூலை 31ஆம் நாள் மகன் தாமோதர் பிறந்தார்.

கல்கத்தாவில் நல்ல ஊதியமும் மதிப்பும் இருந்தன. அப்போது பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட், மராத்தி நாட்டில் தங்கி நூல் எழுதுவதாயின் மாதம் 50 ரூபாய் தருவதாகக் கூறினார். பிற்காலத்தில் இளைஞர் அம்பேத்கரை அமெரிக்கா அனுப்பிப் படிக்கவைத்த அதே மன்னர்தாம். கோசம்பி பெரிய ஊதியத்தை விட்டு அந்த 50 ரூபாயை ஏற்றார். தம் தாய்மொழி மக்கள் புத்தரை அறியவேண்டும் என்பது ஒன்றே காரணம்.

1910இல் ஆர்வர்டு பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. விசுத்திமக்கத்தைப் பதிப்பிக்கத் தொடங்கிய வாரன் என்னும் அமெரிக்க அறிஞர் 1899இலேயே மறைந்துவிட்டார். குறையாகக் கிடந்த பணியை முடிக்கப் பாலி வல்லார் ஒருவர் தேவைப்பட்டார். பள்ளிப் படிப்பில்லாத கோவா நாட்டார் கடல் கடந்து சென்று அப்பணியில் அமர்ந்தார். ஏடுகளை ஒப்பிடுவதும் மூலமேற்கோள்களை இனங்காண்பதுமாக இரவு பகல் உழைத்தார். ஆனால் நூலின் முகப்பில் யார் பெயரை எப்படிப் போடுவது என்பதில் பேராசிரியர் லான்மனோடு வேறுபாடு எழுந்தது. உழைப்பு தம்முடையதாகவும் பெயர் பிறருடையதாகவும் இருப்பதைக் கோசம்பி ஏற்கவில்லை. 1912இல் பணியை விட்டு நாடு திரும்பினார். பற்றற்ற பௌத்தருக்குப் பெயரில் என்ன பற்று என்று கேட்பவர் உண்டு. உழைத்தவனின் பெயரை மறைப்பது நம் நாட்டில் எத்தனை நூற்றாண்டு வழக்கம் என்பதை அறிந்த நாம் அப்படிக் கேட்கமாட்டோம். பின்னர் மும்முறை அமெரிக்கா சென்று அதே பணியை அவர் தொடர்ந்தார் என்பது அவருடைய பொறுமைக்குச் சான்று.

1912 முதல் 1918 வரை புனே பெர்குசன் கல்லூரியில் பாலி கற்பித்தார். பௌத்த ஆய்வில் பின்னாளில் புகழ்பெற்ற பு. வி. பாபட் போன்றோர் அங்கே அவருடைய மாணவர்கள். பின் அகமதாபாத்தில் குஜராத் வித்யாபீடத்தில் பணியாற்றினார். 1924இல் தன்வரலாறு நூலாக வந்தது. அடுத்த ஆண்டு, விசுத்திமக்கத்தின் தியான முறைகளைப் பொதுமக்களும் கையாளும்படி சுருக்கிச் சமாதி மார்க்கம் என்னும் நூலை வெளியிட்டார். சோவியத்து நாட்டின் லெனின்கிராடு நகரிலும் 1929இல் பாலி கற்பித்தார். பொதுவுடைமையின் பால் அவருக்கு மதிப்பு இருந்தது. வன்முறையின் பால் இல்லை. 1930இல் உப்பு அறப்போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

இனி நமக்கு நெருக்கமான பகுதிக்கு வருவோம். 1935 அக்டோபர் 13ஆம் நாள் இயோலா மாநாட்டில், இந்துவாகச் சாகமாட்டேன் என்னும் கருத்தை அம்பேத்கர் அறிவித்தார். நாடெங்கும் அதிர்ச்சி பரவியது. அதையடுத்து ஈராண்டுக்குள், 1937 தொடக்கத்தில், பம்பாய்ப் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளரும் ஒடுக்கப்பட்டோரும் நெருங்கி வாழ்ந்த இடத்தில் கோசம்பி பகுஜன விகாரையை அமைத்தார். பலருக்கும் உரிய விகாரை என்பதே பெயரின் பொருள். சாதி கேளாமல் எவரும் வந்து வந்தனையில் கலந்துகொள்ளலாம், அறவுரை கேட்கலாம். வடநாட்டுச் செல்வர் சுகல் கிஷோர் பிர்லாவின் பொருளுதவியால் எழுந்த கட்டடம் அது. செல்வரின் பணத்தில் ஒடுக்கப்பட்டோர்க்குக் கட்டடம் எழும்போது அதன் சாவி யார் கையில் இருக்கும் என்ற ஐயம் இயல்பானது. நம் கழக முன்னோர் பலமுறை எதிர்கொண்ட ஐயமும் அதுவே. கோசம்பியும் அங்கே நெடுங்காலம் தங்கவில்லை, இரண்டாண்டளவில் விலகினார். ஆயினும் தொழிலாளர் தெருவில் பாலி வந்தனை ஒலிக்கச் செய்த அந்தத் தொடக்கம் சிறிதன்று. நாகபுரியில் 1956 அக்டோபர் 14ஆம் நாள் இலட்சக்கணக்கானோர் அதே சரணங்களை ஓதுவதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது.

அம்பேத்கருக்கும் கோசம்பிக்கும் அரசியலில் வழி வேறு. கோசம்பி காந்தியடிகளிடம் பற்றுள்ளவர். ஆனால் புத்தரைப் பற்றிய ஆராய்ச்சியில் இருவரும் ஓரிடத்தில் சந்தித்தனர். கிழவன், நோயாளி, பிணம், துறவி ஆகிய நான்கு காட்சிகளைக் கண்டு சித்தார்த்தர் துறந்தார் என்பது வழங்கிவரும் கதை. இருபத்தொன்பது வயது வரை ஒருவர் முதுமையையும் சாவையும் அறியாதிருந்தார் என்பதை இருவருமே நம்பவில்லை. 1940ஐ ஒட்டி வந்த பகவான் புத்தர் என்னும் மராத்தி நூலில் கோசம்பி, சுத்தநிபாதத்தின் பழைய பகுதி ஒன்றை ஆதாரமாகக் காட்டி, உறவினர் ஒருவரை ஒருவர் ஆயுதம் ஏந்திப் பகைப்பதைக் கண்ட அச்சமே துறவுக்குக் காரணம் என்றார். சாக்கியர்க்கும் கோலியர்க்கும் ரோகிணி ஆற்று நீர் பற்றி எழுந்த சண்டையை அதனோடு பொருத்தினார். 1957இல் வெளியான அம்பேத்கரின் புத்தரும் அவர் தம்மமும் நூலிலும் ரோகிணிச் சண்டையே துறவுக்குக் காரணமாக விளக்கம் பெறுகிறது. கோசம்பியின் நூல் சாகித்திய அகாதெமியின் முயற்சியால் தமிழிலும் வந்தது. புத்தர் இறுதியாக உண்டது பன்றியிறைச்சியே என்று எழுதியதற்காக அவர் பலருடைய சினத்துக்கும் ஆளானார். சான்று காட்டிய இடத்துக்குச் செல்வதே அவர் வழக்கம். விருப்பம் காட்டிய இடத்துக்கு அல்லர் அவர் செல்பவர்.

முதுமையில் நோய் மிகுந்தது. பிறர்க்குப் பயன்படாமல் பிறர்க்குச் சுமையாகி வாழ்வதை அவர் விரும்பவில்லை. சமண மரபின் பார்சுவநாதரைப் பற்றி ஆராய்ந்துவந்த அவருக்கு, உண்ணாதிருந்து உயிர்துறக்கும் அம்மரபில் ஈர்ப்பு உண்டாயிற்று. 1946இல் ஒருமுறை தொடங்கி, காந்தியடிகள் தடுத்ததால் நிறுத்தினார். பின் சேவாகிராம ஆசிரமத்துக்கு வந்து மீண்டும் தொடங்கி, 1947 ஜூன் 4ஆம் நாள் அமைதியாக உயிர் நீத்தார். தில்லியிலிருந்த காந்தியடிகள் தம் வழிபாட்டுக் கூட்டத்தில் அவரைப் போற்றிப் பேசினார். இம்முடிவை ஏற்க நம் மனம் தயங்குகிறது. உடலை வாட்டுவது பயனற்றது என்று கண்டு, சுசாதை தந்த பாற்சோற்றை ஏற்று உண்ட பின்னரே புத்தர் ஞானம் பெற்றார். அந்தப் புத்தரை ஐம்பதாண்டுக் காலம் ஓதிய ஒருவர் பட்டினியைத் தேர்ந்தது புத்தரின் வழியாகத் தோன்றவில்லை. அவர் தேர்வு அவருடையது.

அவர் தேவநாகரி எழுத்தில் பதிப்பித்த விசுத்திமக்கம் 1940இல் பம்பாயில் வெளிவந்திருந்தது. ஆர்வர்டு பதிப்போ அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து 1950இல், அப்பல்கலைக்கழகக் கீழைநாட்டு நூல்வரிசையின் 41ஆம் தொகுதியாக வந்தது. அதன் முகப்பில் பதிப்பாசிரியர் என்று வாரனின் பெயரும், திருத்தியமைத்தவர் என்று அதன்கீழ் தர்மானந்த கோசம்பியின் பெயரும் உள்ளன.